இரண்டு டீயா, இரண்டு ரீயா

கரண்ட் பத்தரைக்கு வந்தது.
பத்து முப்பத்தெட்டுக்கு லில்லிமலர் அக்கா வந்தா,
காஸ் பில்லின் பின்பக்கத்தில்
மகன் எப்போதோ எழுதிவிட்ட மின்னஞ்சல் முகவரியோடு.
கடவுச்சொல் இல்லை.
"அது பொடியனுக்குத்தான் தெரியும் தம்பி.
பிரான்சில இப்ப வேலையில நிப்பான்,
போன் எடுக்கமாட்டான்."
மயிலிட்டிக் காணி உறுதியின் ஸ்கான்
அதற்குள் கிடக்கிறது.
நாளைக்குப் பிரதேச செயலகத்தில் காட்ட வேண்டுமாம்.

சுன்னாகம் சந்தைக்கு எதிர்ப்பக்கம் என்ர கொமினிகேசன்.
போட்டோகொப்பி பத்து ரூபா,
படிவம் நிரப்ப நூற்றைம்பது,
கடவுச்சொல் மறந்தால் இருநூறு.
அழுதால் காசில்லை.

லாச்சிக்குள் ஒரு சீஆர் கொப்பி.
அரைவாசிச் சனத்தின் கடவுச்சொல் அதில்,
அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி,
மருமகளுக்குத் தெரியக்கூடாத
வங்கிக் கணக்கு ஒன்றும்.
போன மாதம், கொப்பியில் உள்ள பதினொரு பேருக்கு
ஒரே பின்னேரம் அழைப்பு வந்தது:
ஐயா, கடன் வேணுமோ, அம்மா, கடன் வேணுமோ.
நான் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.
நம்பினார்கள்.
அதற்குப் பிறகுதான் பயம் வந்தது எனக்கு;
இப்போது இரவில்
கொப்பியைச் சேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு
வீட்டை போகிறேன்.

முதலில், நீங்கள் மனிதரா என்று கேட்டது.
"என்னவாம்?"
மனிசரோ எண்டு கேக்குது, அக்கா.
"ஆர் கேக்கிறது?"
மிசின்.
அவ கண்ணாடியைக் கழற்றிச்
சீலைத் தலைப்பில் துடைத்துப் போட்டா.

படகுகள் உள்ள கட்டங்களைத் தெரிவுசெய்க.
"இது வள்ளம். இதுவும்.
இது ஆரோ வெள்ளைக்காரன்ர விளையாட்டுச் சாமான், சரி, அமத்து.
அதைத் தொடாதை."
படகுதானே அக்கா.
"றோலர் தம்பி அது.
எங்கட வலையளை அறுத்துக்கொண்டு போறது."
தொடவில்லை.
மனிதர் என்று ஏற்றுக்கொள்ளவில்லை எங்களை.
அடுத்த ஒன்பது கட்டம் மஞ்சள் கடவை.
அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

பிறகு இரகசியக் கேள்வி.
நீங்கள் வளர்ந்த ஊர் எது?

"மயிலிட்டி."
கேள்வியை நான் முடிக்கவே விடவில்லை.

பெட்டி ஆங்கில எழுத்தில் கேட்டது.
இரண்டு டீ போட்டு அடித்தேன். பிழை.
இரண்டு ரீ போட்டேன். பிழை.
நிவாரண அட்டையில் ஒரு மாதிரி,
பஸ்சின் நெற்றியில் இன்னொரு மாதிரி.
பொடியன் எதைப் பார்த்து எழுதினானோ.
இன்னும் ஒரு முறைதான் என்றது சிவப்பு எழுத்து,
அதுவும் பிழைத்தால்
இருபத்துநாலு மணித்தியாலம் பூட்டு.
"இருபத்தேழு வருசம் பூட்டிக் கிடந்த ஊர்," என்றா அக்கா,
"ஒரு நாளோ பெரிசு?"
ஆனால் செயலகம் நாளைக்கு.

அவன் எங்க பிறந்தவன், அக்கா?
"மல்லாகத்தில. முகாமில. ஏன்?"
நான் பதில் சொல்லவில்லை.
விசைகளில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.
"ச்சே, அது ஊரே?
சீற்றுக் கொட்டில். ஒரு கிணறு, நூறு குடும்பம்.
அதை ஆரும் ஊர் எண்டு எழுதுவினமோ?"

மல்லாகம். இரண்டு எல்.

திறந்தது.

சந்தையில் யாரோ வெங்காய மூட்டையை
லொறியிலிருந்து போடும் சத்தம்.
அக்கா திரையைப் பார்க்கவில்லை,
என்ர மேசைக் கண்ணாடிக்குக் கீழிருந்த
பழைய கலண்டர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

இரகசியப் பதிலை மாற்ற விரும்புகிறீர்களா என்று கேட்டது.
மாத்தவோ அக்கா? மயிலிட்டி எண்டு போடலாம்.
கொஞ்ச நேரம்.
"விடு தம்பி.
அவன் ஒருக்கா வந்து தட்டினா, திறக்கவேணுமெல்லே."

உறுதியை இரண்டு பிரதி எடுத்தேன்.
அதில் ஊரின் பெயர்
மூன்றாவது மாதிரி எழுதியிருந்தது.
அவ இருநூற்றிருபது ரூபாவை எண்ணி வைத்தா.
இருநூறு வேண்டாம், என்றேன்.
"ஏன், நான் அழேல்லையே?"